காற்றாடி வைத்த ஜாக்கெட்டும் அண்ணியின் இடுப்பளவும்

வெயிலில் உழைக்கிறவர்களுக்காக முதுகில் காற்றாடி வைத்துத் தைத்த இந்த ஜாக்கெட் வேலை செய்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி அதுதான். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் காலையிலிருந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிற என் அண்ணிக்கு, பதினொரு மணி வெயிலிலும் இப்போது முதுகில் சட்டை ஒட்டுவதில்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே போட்டபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. பிரித்து, வெட்டி, மறுபடி தைத்த பிறகுதான் கிடைத்தது. காற்றாடியில் குறை ஒன்றும் இல்லை. வெட்டுத்தான் சரியில்லை.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல்கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, பாஜு கூரோங், பஞ்சாபி சூட், தீபாவளி நெருங்கினால் இரவு பகலாக ரவிக்கை. பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். அண்ணன் குடும்பம் இன்னமும் தோட்டத்தில்தான் இருக்கிறது. அண்ணன் லாரி ஓட்டுகிறார், அண்ணிக்கு வெளிக்காட்டு வேலை. கடும் வெயில் காலத்தில் ஒருநாள் அண்ணி தலைசுற்றி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும்தான் இதைத் தேட ஆரம்பித்தேன். இணையத்தில் 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். பவர் பேங்க் அதோடு வராது, அதற்குத் தனியாக 50 வெள்ளி.

பார்வைக்குச் சாதாரண ஜிப் ஜாக்கெட்தான். கரும்சாம்பல் நிறம், முழுக்கை. முதுகுப் பக்கம் இடுப்புக்கு மேலே, இரண்டு ஓரத்திலும் வட்டமாகத் துளை போட்டு, உள்ளங்கை அகலக் காற்றாடி ஒவ்வொன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே ஒரு ஒயர் ஓடி, இடப்பக்க உள்பையில் இருக்கிற பவர் பேங்கில் சேர்கிறது. ஒரு பொத்தான், மூன்று வேகம். கைப்பேசியில் செயலி இறக்க வேண்டியதில்லை, கணக்குத் திறக்க வேண்டியதில்லை. இதை ஒரு பெரிய நல்ல குணமாகவே எண்ணுகிறேன். கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017-இல் 350 டாலருக்கு ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட் கொண்டுவந்தார்கள். கைமுனையில் செப்பு கலந்த நூலை நெய்து, அதைத் தடவினால் கைப்பேசியில் பாட்டு மாறும்படி செய்திருந்தார்கள். நெசவு அருமையான வேலை. ஆனால் 2023-இல் அந்தச் செயலியை மூடியதும் நூல் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. உடுப்பு என்பது கிழியும் வரை உழைக்க வேண்டும். எங்கோ இருக்கிற ஓர் அலுவலகம் முடிவெடுத்து அதை நிறுத்தக் கூடாது.

இந்தக் காற்றாடி உடுப்பு ஜப்பானில் பிறந்தது. சோனி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த இச்சிகாயா ஹிரோஷி என்பவருடைய யோசனை. தென்கிழக்காசியப் பக்கம் வந்தபோது கட்டடம் கட்டடமாக எழும்புவதைப் பார்த்து, இத்தனைக்கும் குளிர்சாதனம் போட்டால் மின்சாரத்துக்கு எங்கே போவது என்று யோசித்திருக்கிறார். அறையைக் குளிர்விப்பதை விட்டுவிட்டு ஆளைக் குளிர்வித்தால் போதுமே என்று தோன்றியிருக்கிறது. 2004-இல் கூச்சோஃபுக்கு என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று ஜப்பானில் கோடைகாலத்தில் கட்டட வேலை, சாலை வேலை செய்கிறவர்கள் உடம்பில் இது சாதாரணமாக இருக்கிறது. துளையிடும் கருவிகள் செய்கிற மக்கிட்டாகூட, அதே கருவியின் பேட்டரியில் ஓடுகிற ஜாக்கெட்டை விற்கிறது. நம் பக்கத்து வெயிலைப் பார்த்து வந்த யோசனை, நம் தோட்டத்துக்கு வந்துசேர இத்தனை வருஷம் எடுத்திருக்கிறது. அதுவும் மலிவுப் பிரதியாக.

இதில் குளிர்காற்று வராது. பலர் அப்படி நினைத்து ஏமாறுகிறார்கள். வெளிக்காற்றை அப்படியே உள்ளே இழுத்து முதுகு வழியாக ஓட்டுகிறது, அவ்வளவுதான். குளிர்விப்பது நம்முடைய வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் அந்தப் பலன் கிடையாது, உடம்புத் தண்ணீர் வீணானதுதான் மிச்சம். செம்பனைக் காட்டுக்குள் நின்றவர்களுக்குத் தெரியும். மேலே ஓலை மூடியிருக்கும், நிழல் இருக்கும், காற்று மட்டும் அசையாது. வியர்வை சொட்டும், காயாது. அந்த இடத்தில் இந்த இரண்டு காற்றாடியும் செய்கிற வேலை பெரிது. நம் ஊர் ஈரக்காற்றில் இது எடுபடாது என்று சிலர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஈரம் கூடினால் பலன் குறையும் என்பது உண்மை. ஆனாலும் நம் தோலை ஒட்டியிருக்கிற காற்றில் வெளிக்காற்றைவிட ஈரம் அதிகம். அதை அள்ளி வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் வியர்வை காயத்தான் செய்யும். அண்ணியின் பனியன் அதற்குச் சாட்சி.

ஆக, காற்று போகிற பாதைதான் எல்லாம். இடுப்பில் நுழைய வேண்டும், முதுகெல்லாம் பரவ வேண்டும், கழுத்திலும் கைமுனையிலும் வெளியேற வேண்டும். அந்தப் பாதையைப் போடுவது மோட்டார் கிடையாது, தையல். துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி வழியிலேயே காற்று கசிந்துவிடும். வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு லேசாக மறுபக்கம் போனால் அந்தத் துணி இதற்கு ஆகாது. எனக்கு வந்ததில் துணி தேறிவிட்டது. கீழ் ஓரத்தில் எலாஸ்டிக் இடுப்பைக் கவ்வியிருக்க வேண்டும். கழுத்து மட்டும் திறந்திருக்க வேண்டும், குறிப்பாகப் பிடரியில். ஜப்பான்காரர்கள் இதற்கென்றே கழுத்துக்கு உள்பக்கம் இரண்டு சிறு நாடா தைத்து, அதைக் கட்டினால் பிடரிக்கும் காலருக்கும் இடையில் ஒரு சந்து விழும்படி செய்திருக்கிறார்கள். ஒரு சாண் நாடா, அதில் எத்தனை யோசனை! பிரதி எடுத்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். நான் கடையில் கிடந்த பருத்தி நாடாவை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே அண்ணி சொன்னார், "இப்பத்தான்மா கழுத்துல காத்து வருது."

அடுத்தது இடுப்பு. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

இந்த ஜாக்கெட்டை ஆண் உடம்புக்கு வெட்டியிருக்கிறார்கள். எஸ், எம், எல் என்று அளவு போட்டிருந்தாலும் அது ஒரே ஆணைச் சின்னதாக்கியும் பெரிதாக்கியும் வெட்டியதுதான். அண்ணிக்கு மார்பளவு பார்த்து எடுத்தால் தோள் தொங்குகிறது, தோள் பார்த்து எடுத்தால் இடுப்பில் இறங்கவே மாட்டேன் என்கிறது. கீழ் எலாஸ்டிக் இடுப்பெலும்புக்கு மேலே ஏறி நிற்கிறது. நின்றால் பரவாயில்லை. குனிந்ததும் பின்பக்கம் இன்னும் ஏறி, ஓரம் திறந்து, காற்றெல்லாம் கீழே போய்விடுகிறது. காற்றாடி ஓடும் சத்தம் கேட்கும், முதுகு நனைந்தே இருக்கும். அதைவிட மோசம், காற்றாடி இருக்கிற இடம். உயரமான ஆணுக்கு அது இடுப்புக்கு மேலே நிற்கும். ஐந்தடிக்கும் குறைவான பெண்ணுக்கு அது இடுப்பு மட்டத்துக்கே இறங்கிவிடுகிறது. உதிரிப் பழம் பொறுக்குகிறவர் குந்தி உட்கார்ந்தால் இரண்டு காற்றாடியும் நசுங்கி வாய் அடைத்துக்கொள்ளும்.

தோட்டத்தில் குலை வெட்டுவது பெரும்பாலும் ஆண்கள், இப்போது அதிகமும் வெளிநாட்டுத் தம்பிகள். ஆனால் பழம் பொறுக்குவது, புல் வேலை, களைக்கொல்லி மருந்து அடிப்பது, உரம் என்று நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலைகளில் பெண்கள் எத்தனை பேர் என்று பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். என் அம்மாவுடைய முதுகு அந்த வேலையில்தான் வளைந்தது. அவர்களுடைய உடம்பை அளந்து பார்க்காமல் வேலைக்கான உடுப்பு என்று விற்பது எந்த ஊர் நியாயம்? காற்றாடியைச் சுற்ற வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு அளவு நாடா எடுக்கத் தோன்றவில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் ஊர்த் தையல்காரரிடம் காட்டிச் செய்துகொள்ளலாம். முதலில் காற்றாடியைக் கழற்றினேன். அது உள்வளையம் வெளிவளையமாகத் திருகி மாட்டுவது, கையாலேயே வந்துவிடும். பின்துண்டில், அக்குளுக்கும் காற்றாடித் துளைக்கும் நடுவில், குறுக்காக ஒரு மடிப்பு எடுத்துத் தைத்தேன். நான்கு விரல் அகலத் துணி உள்ளே போனது, காற்றாடி நான்கு விரல் மேலே ஏறியது. குந்தினாலும் இப்போது அது முதுகில்தான் நிற்கிறது. பின்துண்டு குட்டையாகி விட்டதால் கீழே ஒரு பட்டி சேர்க்க வேண்டியிருந்தது. பக்கத் தையலை இடுப்பிலிருந்து கீழே பிரித்து, இரண்டு பக்கமும் ஒரு முக்கோணத் துண்டு வைத்தேன். இந்த எல்லாத் துண்டுக்கும் பழைய குடைத் துணி. கம்பி உடைந்த குடை எந்த வீட்டில்தான் இல்லை? நெருக்கமான நெசவு, தண்ணீர் சீக்கிரம் ஏறாது, எடையும் இல்லை. எலாஸ்டிக்கை எடுத்துவிட்டு அகலமானதாகப் போட்டேன். அக்குளிலும் ஒரு சிறு துண்டு வைத்தேன், கை நீட்டும்போது ஜாக்கெட் மேலே இழுபடாமல் இருக்க.

இன்னொன்று, அது உப்புகிற விஷயம். காற்று நிறைந்ததும் முன்பக்கம் வயிறு தள்ளியது மாதிரி தெரியும். அண்ணி முதல் நாள் பெரட்டில் நின்றபோது கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அண்ணி மதியத்துக்குள் கழற்றி பையில் போட்டுவிட்டார். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. பார்க்க நன்றாக இல்லாத உடுப்பை, எவ்வளவு நல்லது செய்தாலும், ஒரு பெண் தொடர்ந்து போட மாட்டாள், போடவும் வேண்டியதில்லை. முன்பக்கம் காற்று அவ்வளவு தேவையில்லை, வியர்ப்பது அதிகமும் முதுகுதான். ஆகவே உள்ளே இடுப்பு மட்டத்தில் பக்கத் தையலிலிருந்து பக்கத் தையலுக்கு ஒரு நாடா வைத்து, முன்னால் கட்டிக்கொள்ளும்படி செய்தேன். முன்துண்டு உடம்போடு நிற்கிறது, காற்று பின்னால் ஓடுகிறது. அந்த முன்துண்டில் மேலிருந்து கீழாக இரண்டு ஊதா நிறப் பைப்பிங்கும் வைத்தேன். அது காற்றுக்காக இல்லை, அண்ணிக்கு ஊதா பிடிக்கும்.

உப்புவதை அழகாக மாற்றலாம் என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். அன்ரியலேஜ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வடிவமைப்பாளர் குனிஹிக்கோ மொரினாகா, 2024 செப்டம்பரில் பாரிஸ் ஃபேஷன் வாரத்தில் இதே கூச்சோஃபுக்குவோடு சேர்ந்து காற்றாடி வைத்த உடுப்புகளையே மேடையேற்றினார். காற்று புகுந்ததும் கவுன்கள் விரிந்து வேறு உருவம் எடுக்கும். படங்களைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வேலைக்காரர் உடுப்பு என்று ஒதுக்கிய ஒன்றை எடுத்து, அது உப்புவதையே வடிவமாக்கியிருக்கிறார். அங்கே மேடையில் நடப்பதற்கு அவ்வளவு யோசிக்கிறவர்கள் இருக்கும்போது, இங்கே பழம் பொறுக்குவதற்கும் ஒருவர் யோசிக்கலாமே.

காட்டில் போட்டு வேலை செய்த அனுபவம் எப்படி என்றால், காலை ஏழு மணிக்கு இது தேவையே இல்லை. பனி விழுந்து ஓலையெல்லாம் ஈரமாக இருக்கும், அண்ணி அப்போது இதை மோட்டார் சைக்கிளில் மாட்டி வைத்துவிடுவார். பசியாறிவிட்டு ஒன்பதரைக்கு மேல்தான் போடுவது. நடு வேகத்தில் வைத்தால் 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் வேலை முடிகிற வரை தாங்குகிறது. சத்தம், பக்கத்து அறையில் மேசைக் காற்றாடி ஓடுவது போல இருக்கும். பேசினால் கேட்கிறது. ஆனால் குலை வெட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் வேலை என்றால் காற்றாடியை நிறுத்திவிடுங்கள். மேலிருந்து குலையோ ஓலையோ விழும்போது போடுகிற சத்தம் காதில் விழுந்தே ஆக வேண்டும். முள் இன்னொரு தொல்லை. செம்பனை மட்டையின் முள் இந்தத் துணியைக் கிழித்துவிடும், கிழிந்த இடத்தில் காற்று போகும். துணி ஒட்டும் டேப் ஒரு சுருள் வாங்கி வைத்தால் போதும். காற்றாடி வாயில் இருக்கிற வலை பஞ்சும் தூசியும் இழுத்து அடைத்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பழைய பல் தூரிகையால் துலக்க வேண்டும். மழை வந்தால் பவர் பேங்கைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிட வேண்டும். துவைக்கும்போது காற்றாடி, ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஜாக்கெட்டை மட்டும் கையால் அலசுங்கள்.

உள்ளே என்ன போடுகிறோம் என்பதும் முக்கியம். நம் பெண்கள் வழக்கமாகப் போடுகிற வீட்டுக்காரருடைய தடித்த முழுக்கைச் சட்டையை உள்ளே போட்டால் ஜாக்கெட் போட்டும் பலனில்லை. மெல்லிய பனியன் போதும். வெயிலும் முள்ளும் மேலே படாமல் ஜாக்கெட்டே பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து யாரும் அலட்சியமாக எடுக்க வேண்டாம். மருந்து அடிக்கும்போது இந்த ஜாக்கெட்டைப் போடவே கூடாது. காற்றாடி வெளிக்காற்றை இழுக்கிறது என்றால் அந்தக் காற்றில் மிதக்கிற மருந்துத் துளியையும் சேர்த்துத்தான் இழுக்கும். வியர்த்து நனைந்த முதுகில் கொண்டுபோய்ப் பூசிவிடும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை இந்த நாட்டில் 2020 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். அந்தத் தடைக்கு முன் அதை முதுகில் சுமந்து அடித்த தலைமுறை என் அம்மாவுடையது, நகம் கருத்துப்போன கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்று அடிக்கிற மருந்துகளும் தோலில் ஊற வைக்கிற பொருள் கிடையாது. பக்கத்து வரிசையில் யாராவது அடித்துக்கொண்டிருந்தாலும் காற்றாடியை நிறுத்திவிட்டு விலகிப் போய்விடுங்கள். விற்கிறவர்களின் இணையப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உரம் தூவுகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான், தூள் முழுக்க உள்ளே வரும். நெருப்புப் பொறி பறக்கிற ஒட்டு வேலைக்கும் ஆகாது.

விலைக்கு வருகிறேன். ஜாக்கெட்டும் பவர் பேங்கும் சேர்ந்து 170 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அப்படியென்றால் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. இதைத் தொழிலாளி தன் பணத்தில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜப்பானில் 2025 ஜூன் முதல், வெயிலில் வேலை செய்கிறவர்களை வெப்பப் பாதிப்பிலிருந்து காக்க முதலாளி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2016-இலேயே வெப்பத்தைப் பற்றி ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. பூட்ஸ், கையுறை, தொப்பி கொடுப்பது போல இதையும் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ஒரு கட்டு எம், ஒரு கட்டு எல் என்று இறக்காமல், போடப் போகிறவர்களை அளந்து கொடுக்க வேண்டும். அதோடு, இது இருக்கிறதே என்று ஓய்வு நேரத்தையும் தண்ணீரையும் குறைக்கிற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. ஜாக்கெட் போட்டவருக்கும் வியர்வை போகிறது, காய்ந்துவிடுவதால் எவ்வளவு போனது என்று தெரிவதில்லை. அண்ணியிடம் தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாங்குவதாக இருந்தால் முழுக்கை எடுங்கள், முள்ளுக்கு அதுதான் சரி. கடை வேலை, லாரி ஓட்டுவது போன்றவற்றுக்குக் கையில்லாததே போதும். ஆனால் முதுகைச் சாய்த்து உட்கார்கிறவர்களுக்குக் காற்றாடி இடிக்கும், அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆண்கள் தங்கள் வழக்கமான அளவுக்கு ஒரு அளவு பெரியதாக எடுத்தால் பெரும்பாலும் அப்படியே போடலாம். பெண்கள் இடுப்பளவைப் பார்த்து எடுங்கள், தோளும் கையும் பிறகு குறைத்துக்கொள்ளலாம், குறைப்பது சுலபம், கூட்டுவதுதான் கஷ்டம். தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போது நின்றபடி ஒன்றும் குந்தியபடி ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். அண்ணிக்கு இரண்டுக்கும் நடுவில் மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தது, எலாஸ்டிக்கை அந்தப் பெரிய அளவுக்குத்தான் வெட்டினேன்.